காலி ஃபோல்டர்

ஒருநாள் எங்கள் ஆபீசில் மவுசின் உருண்டை காணாமல் போய்விட்டது. அப்போதெல்லாம் மவுசின் வயிற்றுக்குள் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அது இல்லாவிட்டால் திரையில் அம்பு நகராது. காணாமல் போனது மேனேஜருடைய உருண்டை. அவர் ஒவ்வொரு மேஜையாக வந்து நின்று, "யாருய்யா எடுத்தது?" என்று கேட்டார். எல்லோரும் எழுந்து நின்று தெரியாது என்றோம். அக்கா மட்டும் உட்கார்ந்தபடியே, "சார், கடைசியா எங்க வெச்சிருந்தீங்க?" என்றார். மேனேஜர் யோசித்துப் பார்த்தார். துடைப்பதற்காகக் கழற்றினாராம், அந்த நேரத்தில் டீ வந்ததாம். உருண்டை டீத் தட்டில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. எடுத்தது யார் என்று பார்த்தால் மேனேஜர்தான். அக்கா அதைச் சொல்லவில்லை. உருண்டையைத் துடைத்து மவுசுக்குள் போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

வேலை விஷயத்தில் அக்கா வாயிலிருந்து "யாரு" என்ற கேள்வி வந்து நான் கேட்டதே இல்லை. "எங்க" என்றுதான் வரும். ஆபீசில் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் பெயரை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதும் ஒரு காரணம்.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நடந்தது இது. ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் செக்‌ஷன் இருந்தது. கம்பெனிக்குச் சுற்றுவட்டாரத்தில் நான்கு ஃபேக்டரிகள். அட்டைப்பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபிளையும் பேக்கிங் லிஸ்டையும் அச்சடிக்கும் மென்பொருளை நாங்கள் தயாரித்து, சி.டி.யில் போட்டு அந்த ஃபேக்டரிகளுக்கு அனுப்புவோம். நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டு, வேலூர் பாகாயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். அக்காவுக்கு மாதனூர்ப் பக்கம் ஒரு கிராமம். ப்ளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறி, பேக்கிங் லைனில் ஏழெட்டு வருஷம் வேலை பார்த்தவர். வேலை முடிந்த சாயங்காலங்களில் ஆம்பூரில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் படித்து மாடிக்கு வந்துவிட்டார். லைனிலிருந்து மாடிக்கு வந்த ஒரே ஆள் அவர்தான். நான் புத்தகத்தில் படித்திருந்ததை அவர் கையால் செய்து பழகியிருந்தார். அது எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். பல்வலிக்கு என்று ஆரம்பித்து, வலி போன பிறகும் விடவில்லை. ஏதாவது ஒரு ப்ரோக்ராம் மக்கர் பண்ணினால் கிராம்பு இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாறும். "இரு தம்பி, பாக்கலாம்," என்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யார் கூப்பிட்டாலும் வர மாட்டார், சர்ச்சுக்குப் போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு மாடி ஸ்டாஃபுக்குத் தனி மேஜை உண்டு. அக்கா அதில் உட்கார மாட்டார். கீழே பேக்கிங் பெண்களோடுதான் டிபன் பாக்ஸைத் திறப்பார். எனக்கும் அங்கே ஓரத்தில் ஒரு இடம் கொடுப்பார், ஏனென்றால் நான் ஹாஸ்டல் பையன் மாதிரி தினமும் தயிர்சாதம் கொண்டுவருவேன். அவர் குழம்பு ஊற்றுவார்.

அப்படி ஒருநாள் சாப்பிடும்போதுதான் கேட்டேன். தப்பு செய்தது யார் என்று ஏன் கேட்பதே இல்லை என்று.

"எங்க லைன்ல ஒரு சூப்பர்வைசர் இருந்தாரு தம்பி. ஒரு தடவ ஒரே பொட்டில ரெண்டும் எடது காலு ஷூவா போய்டுச்சு. யாரு, யாருன்னு கத்தி, ஒரு பொண்ண எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சிட்டாரு. அதுலேர்ந்து எங்க லைன்ல தப்பு ஜோடியே வரல. அவருக்கு ஒரே குஷி."

"நல்லதுதானேக்கா?"

"இன்னா நல்லது? பாத்ரூம் தண்ணித் தொட்டி கழுவ ஆள் எறங்குனா, உள்ள ஜோடி சேராத பதினோரு ஷூ ஊறிகினு இருக்கு. அந்தத் தண்ணிலதான் நாங்க அத்தினி மாசம் மூஞ்சி கழுவினு இருந்தோம். யாருன்னு கேட்டா ஷூ தொட்டிக்குப் போய்டும் தம்பி. எங்கன்னு கேட்டா மேஜைக்கு வரும்."

கூட இருந்த பெண்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்குப் புரையேறிவிட்டது. ஒருத்தி என் தலையில் தட்டினாள். பன்னிரண்டாவது ஷூவைத் தொட்டிக்குள் போடப்போகிறவன் நான்தான் என்று அந்த மேஜையில் யாருக்கும் தெரியாது.

இங்கே எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்களிடம் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் புதிது. ஃபேக்டரிகளில் இருந்தவை பழசு. எங்களிடம் ஓடுவது அங்கே ஓடும் என்று நம்ப முடியாது. அதனால் அக்கா எங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு தனி இடத்தை ஏற்படுத்தி வைத்திருந்தார். ஃபேக்டரி மெஷினில் என்னென்ன உண்டோ அவற்றின் நகல்கள் மட்டுமே அதில் இருக்கும். அதற்குள் ஓடும் ப்ரோக்ராமுக்கு வெளியே இருக்கும் எதுவும் தெரியாது. அதை நாங்கள் ரூம் என்போம். ரூமுக்குள் ஓடினால்தான் சி.டி. போடலாம். ரூமுக்குள் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் ஒரு நீள நோட்டில் எழுத வேண்டும். என்ன வைத்தோம், எங்கே வைத்தோம், எதற்கு வைத்தோம் என்று மூன்று கட்டங்கள். வைத்தவர் பெயருக்குக் கட்டம் கிடையாது. ரூமில் கைவைக்கும் பாஸ்வேர்டு அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஜெர்மனிக்குப் போகும் பெட்டிகளில் தேதிக்குப் பதிலாக, வருஷத்தின் எத்தனையாவது வாரம் என்று அச்சடிக்க வேண்டும் என்று ஒரு உத்தரவு வந்தது. அதற்கான சின்ன ப்ரோக்ராமை, பெர்ல் மொழியில் ஒரு ஸ்கிரிப்டாக, நான் எழுதினேன். எழுதினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. வாரத்தை எண்ணுவதற்கென்று எவரோ எழுதி இன்டர்நெட்டில் வைத்திருந்த மாட்யூல் என்ற தயார் ப்ரோக்ராம் ஒன்றை இறக்கி, என் ஸ்கிரிப்டிலிருந்து அதைக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். வெளியே ஜோராக ஓடியது. ரூமுக்குள் நின்றுவிட்டது. ஏன் என்று திரையில் எதுவும் வரவில்லை, ஆனால் மாட்யூல் உள்ளே இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

முறையாகச் செய்வதென்றால் அந்த மாட்யூலை ரூமுக்குள் சேர்த்து, நோட்டில் எழுதி, சி.டி. பட்டியலிலும் ஏற்றி, எல்லாச் சோதனையையும் மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டு மூன்று மணி நேர வேலை. அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை எனக்குப் பெங்களூரில் இன்டர்வியூ. ஆபீசில் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று சொல்லியிருந்தேன். நாலரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். அக்கா லேபிள் ரோல் வாங்குவதற்காக மத்தியானமே கிளம்பிப் போயிருந்தார். போகும்போது, "நாட்றம்பள்ளி ஃபேக்டரி சி.டி.ய மட்டும் போட்டு வெச்சிட்டுப் போ தம்பி, நாளைக்கு ஆள் வந்து எடுத்துனு போவான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ரூமுக்குள் ஒரு காலி ஃபோல்டர் உண்டாக்கினேன். வெளியே இருந்த மாட்யூல் அந்த இடத்தில் தெரியும்படி ஒரு கட்டளை கொடுத்தேன். சுவரில் ஒரு ஜன்னலைத் திறந்த மாதிரிதான். பொருள் வெளியேதான் இருக்கும், உள்ளே இருப்பவனுக்கு உள்ளே இருப்பதாகத் தெரியும். ஸ்கிரிப்ட் ஓடியது. சி.டி. போட்டேன். மாட்யூல் அந்த சி.டி.யில் ஏறாது என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று பிற்பாடு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் சும்மா. தெரிந்துதான் செய்தேன். அந்த ஃபேக்டரியில் ஜெர்மனி ஆர்டர் கிளம்பப் பத்து நாளாவது ஆகும், திங்கட்கிழமை வந்து சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆர்டர் திங்கட்கிழமையே கிளம்பிவிட்டது. நான் ஆபீசுக்குள் நுழையும்போது ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா விஷயம் தெரிந்து வீட்டிலிருந்தே நேராக ஃபேக்டரிக்குப் போய்விட்டிருந்தார்.

"தம்பி, இங்க லேபிள் வரல. வாரம் போட்ற எடத்துல நின்னு போய்டுது. வெளிய கன்டெய்னர் வந்து நிக்குது. அங்க ரூம்ல ஒரு தடவ ஓட்டிப் பாரு."

"இங்க நல்லா ஓடுதேக்கா. அங்க மெஷின்லதான் ஏதோ..."

"ரூம்ல ஓடுதா? நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

அது பொய்யில்லை. மெஷினை யாரும் அணைக்காததால் நான் திறந்த ஜன்னல் மூடாமல்தான் இருந்தது, ஸ்கிரிப்ட் ஓடத்தான் செய்தது. அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. மாட்யூலை ஒரு சி.டி.யில் போட்டு ஆளிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் வெள்ளிக்கிழமை என்ன அவசரம் என்ற கேள்வி வரும், இன்டர்வியூ விஷயம் வெளியே வரும். ரிசீவரை வைத்துவிட்டேன்.

அக்கா தன் பழைய பேக்கிங் தோழிகளோடு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியின் மேலும் மார்க்கர் பேனாவால் லேபிள் விவரத்தையும் வார எண்ணையும் எழுதி கன்டெய்னரை அனுப்பிவிட்டு வந்தார். விரலெல்லாம் கருப்பு. வாங்கும் ஜெர்மன் கம்பெனியின் சென்னை ஏஜென்ட் கையால் எழுதிய பெட்டிகளைப் பார்த்துப் புகார் எழுதிவிட்டார். புகாரோடு ஒரு படிவமும் வந்தது. தவறு என்ன, எதனால் நேர்ந்தது, பொறுப்பாளர் பெயர், எடுத்த நடவடிக்கை. வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனிகளில் இந்தப் படிவத்துக்குத்தான் முதலாளியே பயப்படுவார்.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். "இன்னாம்மா இது பேஜாரு? காரணம் கெடைக்கலன்னா இந்த லேபிள் வேலைய மெட்ராஸ் கம்பெனி எதுக்காவது குடுத்துடுவேன். நீ திரும்பி பேக்கிங்குக்கே போவ வேண்டியதுதான்."

"பாத்துட்றேன் சார்," என்றார் அக்கா.

செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் கரண்ட் போனது. யு.பி.எஸ். அரை மணி நேரம் கத்திவிட்டு அணைந்தது. கரண்ட் வந்து மெஷின் மறுபடி எழுந்தபோது என் ஜன்னல் மூடிக்கொண்டுவிட்டது. அந்த மாதிரிக் கட்டளைகள் மெஷின் அணைந்தால் கலைந்துவிடும். அக்கா ஸ்கிரிப்டை ரூமுக்குள் ஓட்டினார், நின்றது. வேறு ஆளாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லதாப் போச்சு தம்பி! இப்ப இங்கயும் ஓடல. இனிமே எங்கன்னு கண்டுபுடிச்சிடலாம்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வெளியே வந்ததோ வேறு. "கரண்ட் போனதுல டிஸ்க் ஏதாச்சும் அடிவாங்கியிருக்கும்க்கா," என்றேன்.

அவர் என்னை நம்பினார். இதை எழுதும்போதுகூட என் முகம் சுடுகிறது. நான் சொன்ன ஒரு பொய்க்காக, புதன்கிழமை முழுவதும் அந்த டிஸ்கை அங்குலம் அங்குலமாகச் சோதித்துக்கொண்டிருந்தார். கிராம்பு கன்னம் மாறிக்கொண்டே இருந்தது. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். கண் எரிகிறதா என்று கேட்டேன். அவ்வளவு அக்கறையாக நான் அதற்கு முன்னால் அவரிடம் நடந்துகொண்டதே இல்லை.

டிஸ்கில் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை காலை அக்கா நீள நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரூமுக்குள் இருந்த ஒவ்வொரு ஃபோல்டரையும் நோட்டில் இருந்த வரியோடு ஒப்பிட்டு, பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. ஏறக்குறைய மூன்று மணிக்குப் பென்சில் நின்றது.

"தம்பி, இது நோட்டுல இல்ல."

எட்டிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய ரூமில் மாட்யூலின் பெயரோடு அந்த ஒரு காலி ஃபோல்டர். பக்கத்தில் தேதியும் நேரமும் இருந்தன. வெள்ளிக்கிழமை, மூணே முக்கால்.

அந்த நேரத்தில் லேபிள் ரோல் வாங்கப் போயிருந்தது அக்காவுக்குத் தெரியும். பாஸ்வேர்டு தெரிந்த இன்னொரு ஆள் யார் என்றும் தெரியும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. எனக்காகத்தான் திரும்பாமல் இருந்தார் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்க்காமல் இருந்தால் சொல்வது சுலபம் அல்லவா? கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த ரப்பரை நான் திருப்பித் திருப்பி வைத்தேன்.

கடைசியில் அக்கா, "சரி, எங்கன்னு தெரிஞ்சிடுச்சு," என்றார். நோட்டில் அந்த ஃபோல்டரை எழுதினார். எதற்கு வைத்தோம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார்.

மேனேஜரிடம் இருவரும் போனோம். எதனால் நின்றது, சி.டி.யில் என்ன விட்டுப்போனது, இனிமேல் எப்படிச் சோதிப்பது என்று அக்கா நறுக்காகச் சொன்னார். மேனேஜர் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது.

"பேரு போடணுமே. யாரு பண்ணது?"

அக்கா மேஜை மேல் இருந்த படிவத்தைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். மிஞ்சிப்போனால் என்னைத் திட்டியிருப்பார், ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். எம்.சி.ஏ. படித்தவனை அவ்வளவு லேசில் அனுப்பிவிட மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

"அந்த ரூமுக்கு இன்சார்ஜ் அக்காதான் சார்."

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லாத வாக்கியம். அக்கா முதல் தடவையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "ஆமா சார், இன்சார்ஜ் நான்தான்," என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் படித்தவன் பேச்சா, லைனிலிருந்து வந்தவள் பேச்சா, எது எடுபடும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மேனேஜர் அக்காவின் பெயரை எழுதினார். எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில், வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார் என்று எழுதினார். ஏஜென்டுக்கு ஏதாவது காட்ட வேண்டுமே என்று எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார். லேபிள் வேலை மெட்ராசுக்குப் போகவில்லை. மாடியிலேயே இருந்தது, என்னிடம்.

வெள்ளிக்கிழமை அக்கா மத்தியானம் வரை வேலை பார்த்தார். என் ஸ்கிரிப்டைத் திறந்து, மாட்யூலைக் கூப்பிடும் வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வாரத்தை எண்ணுவதற்குத் தானே பத்து வரி எழுதினார். வருஷத்தின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ, ஜெர்மன்காரர்களுக்கு அதுதான் முதல் வாரம். பேக்கிங்கில் இருந்த காலத்திலேயே அதைக் காலண்டரில் விரல் வைத்து எண்ணிப் பழகியவர் அவர். ரூமுக்குள் ஓட்டினார், ஓடியது. ஃபேக்டரிக்கு ஃபோன் போட்டு, அங்கேயும் ஓட்டச் சொன்னார், ஓடியது. ஸ்கிரிப்டின் தலையில் என் பெயர் இருந்தது. அதை அவர் தொடவில்லை.

கிளம்பும்போது மடித்த துண்டுக் காகிதம் ஒன்றை என் மேஜையில் வைத்தார்.

"பாஸ்வேர்ட மாத்திட்டேன் சார். இனிமே உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கும்."

இரண்டு வருஷமாக என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர். நான் எழுந்து நின்றேன். "அக்கா" என்றேன். அவர் டிபன் பாக்ஸ் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அடுத்த வாரம் கேன்டீனில் கை கழுவும் வரிசையில் நான் நின்றிருந்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் அக்கா, லைன் பெண்கள் போடும் நீலக் கோட்டோடு நின்றிருந்தார். ஒரு பெண், "ஏங்க்கா, கம்ப்யூட்டர வுட்டுட்டு ஏன் கீழ வந்துட்ட?" என்று கேட்டாள்.

"கண்ணு வலிக்குதுடி, ஸ்க்ரீனப் பாத்துப் பாத்து," என்றார் அக்கா.

நான் வரிசையிலிருந்து விலகி மாடிக்குப் போய்விட்டேன். அதன்பிறகு ஸ்டாஃப் மேஜையில்தான் சாப்பிட்டேன்.

அந்த மாசக் கடைசியில் பெங்களூரிலிருந்து இரண்டாவது இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். நீங்கள் எழுதிய ப்ரோக்ராம் ஏதாவது ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். என் பெயர் போட்டிருந்த லேபிள் ஸ்கிரிப்டை அச்செடுத்துக்கொண்டு போனேன். எதிரில் இருந்தவர் நரைத்த தாடிக்காரர். பக்கங்களை அசிரத்தையாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். அந்தப் பத்து வரிகளை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். "இது ரொம்ப நன்றாக இருக்கிறதே. வெளியிலிருந்து எதையும் கேட்காமல் எந்தப் பழைய மெஷினிலும் ஓடும். இது நீங்களே எழுதியதா?" என்று கேட்டார்.

"ஆமா சார், நான்தான்," என்றேன். அன்று சாயங்காலமே வேலைக்கான கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.